மேட்டில் கட்டினால்தான் பள்ளத்தில் நிற்கும்: மண், நீர் கேள்வி–பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் மண் அரிப்பு, பண்ணைக்குட்டை, ஏரி வண்டல், ஃபுளூரைடு பற்றி அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: எங்களுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். சரளை கலந்த செம்மண். ராகி, சாமை, நிலக்கடலை மாற்றி மாற்றிப் போடுகிறோம். ஒவ்வொரு பெருமழைக்கும் மேல்மண் அடித்துப் போகிறது. கல் வரப்பு கட்டியும் ஆண்டுதோறும் ஒரே இடத்தில் உடைகிறது. என்ன செய்யலாம்?
*– பென்னாகரம் வாசகர்*

பதில்: ஒரே இடத்தில் உடைகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதிலேயே காரணம் இருக்கிறது. உங்கள் வரப்பு பட்டா எல்லையை ஒட்டி நேர்கோடாகப் போவதாகத் தெரிகிறது. நிலம் அப்படி நேராக இல்லை. வரப்பின் மேல்பக்கம் சேரும் தண்ணீர் எல்லாம் அதிலேயே தாழ்வான இடத்துக்கு ஓடிக் குவிந்து அங்கே அறுக்கிறது. எவ்வளவு பெரிய கல்லை வைத்தாலும் இது நிற்காது. வரப்பு முழுக்க ஒரே மட்டத்தில் ஓட வேண்டும். அதற்குப் பெயர் சமமட்ட வரப்பு.

மட்டம் பார்க்க எந்திரம் தேவையில்லை. ஏழடி நீளத்தில் இரண்டு மூங்கில், குறுக்கே கட்ட நாலடிக் கம்பு ஒன்று, நூல், உள்ளங்கை அளவு கல் போதும். இரண்டு மூங்கிலையும் உச்சியில் சேர்த்துக் கட்டி, கால்களை 2 மீட்டர் அகட்டி, நடுவில் குறுக்குக் கம்பைக் கட்டுங்கள். உச்சியிலிருந்து நூலில் கல்லைத் தொங்கவிடுங்கள். நூல் குறுக்குக் கம்பைத் தாண்டிக் கீழே தொங்க வேண்டும். இரண்டு கால்களும் நிற்கும் இடத்தில் முளை அடித்து, நூல் கம்பைத் தொடும் இடத்தில் கரியால் ஒரு கோடு போடுங்கள். பிறகு அப்படியே திருப்பி, வலது கால் நின்ற இடத்தில் இடது காலை வைத்து இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவே மூன்றாவது கோடு போட்டால் அதுதான் மட்டம். கால்கள் ஒன்றுக்கொன்று ஓர் அங்குலம் கூடக் குறைய இருந்தாலும் இந்த நடுக்கோடு சரியாகவே காட்டும். திருப்பி வைத்துப் பார்க்காமல் ஒரே கோட்டை நம்புகிறவர்களுக்குத்தான் வரப்பு முழுக்கக் கோணலாகிறது. காற்று வீசும் மதியத்தில் கல் ஆடும். காலையில் வேலையை முடித்துவிடுங்கள்.

இனி நிலத்தின் ஒரு ஓரத்தில் ஒரு காலை ஊன்றி, நூல் நடுக்கோட்டில் நிற்கும் வரை மறுகாலை மேலும் கீழும் நகர்த்தி முளை அடித்துக்கொண்டே போங்கள். முளைகள் வளைந்து வளைந்து போகும். சிறு நெளிவுகளை மட்டும் கண்ணால் சரிசெய்து உழவு மாடு திரும்பும்படி ஆக்கலாம். பெரிய வளைவை நேராக்கிவிடாதீர்கள்.

வரப்புக்கு வரப்பு எவ்வளவு தூரம் என்பது சரிவைப் பொறுத்தது. கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டத்தால் 10 மீட்டர் தூரத்தில் எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்று பாருங்கள். 20 செ.மீ. இறங்கினால் சரிவு 2 சதவீதம். வரப்பு இடைவெளி 40 மீட்டர். 30 செ.மீ. என்றால் 30 மீட்டர். 40 செ.மீ. என்றால் 25 மீட்டர். இரண்டு ஏக்கர் சதுரமாக இருந்தால் பக்கம் சுமார் 90 மீட்டர். 3 சதவீதச் சரிவில் மேல் எல்லையிலிருந்து 30, 60 மீட்டரில் ஒவ்வொன்று, கீழ் எல்லையில் ஒன்று, ஆக மூன்று வரப்பு.

வரப்பின் அடி 1.6 மீட்டர், தலை 40 செ.மீ., உயரம் 60 செ.மீ. புதுமண் அமுங்கும் என்பதால் கட்டும்போது 70 செ.மீ. வரை ஏற்றிவிடுங்கள். 90 மீட்டர் வரப்புக்குச் சுமார் 54 கனமீட்டர் மண் வேண்டும். அதை வரப்பின் மேல்பக்கம், ஓர் அடி தள்ளி, 2 மீட்டர் அகலத்தில் ஓர் அடிக்குச் சற்றுக் கூடுதலான ஆழத்தில் எடுக்கலாம். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்: ஜேசிபிக்காரர் ஒரே இழுப்பாக நீளப் பள்ளம் எடுத்துவிடுவார். அது வாய்க்காலாகி வரப்பின் அடியையே அரிக்கும். 5 மீட்டருக்கு ஒருமுறை அரை மீட்டர் மண்ணை வெட்டாமல் விடச் சொல்லுங்கள். பள்ளம் தொட்டிகளாகப் பிரிந்து தண்ணீர் நின்ற இடத்திலேயே இறங்கும்.

ஏரிக்குக் கோடி (மிகுந்த நீர் வெளியேறும் வாய்) இருப்பதுபோல ஒவ்வொரு வரப்புக்கும் ஒரு கோடி கட்டாயம் வேண்டும். ஒரு முனையில் ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு, தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் வாய் விட்டு, தரையிலும் இறங்கும் பக்கத்திலும் கல் பதியுங்கள். முதல் வரப்புக்கு இடது முனை என்றால் அடுத்ததற்கு வலது முனை. மிகுந்த தண்ணீர் நிலம் முழுக்கக் குறுக்கே நடந்துதான் இறங்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. வரப்பு கட்டிய பிறகும் சரிவோடு ஏர் ஓட்டினால் பாதிப் பலன் போய்விடும். உழவும் விதைப்பும் சரிவுக்குக் குறுக்கே, வரப்புக்கு இணையாக இருக்கட்டும். வரப்பின் மேல் ஜூன், ஜூலை மழையில் வெட்டிவேர் நாற்றை ஒரு சாணுக்குக் குறைவான இடைவெளியில் நடுங்கள், அல்லது கொழுக்கட்டைப்புல் விதையுங்கள். முதல் ஆண்டு ஆடு மாடு ஏறாமல் பார்த்துக்கொண்டால் பிறகு வேர் பிடித்துக்கொள்ளும். எந்திரம் வேண்டுமானால் வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை எந்திரத்துக்கு உழவன் செயலியில் பதியலாம்.

கேள்வி: இரண்டு ஆண்டுக்கு முன் 15 மீட்டர் நீள அகலம், 2 மீட்டர் ஆழத்தில் பண்ணைக்குட்டை வெட்டினோம். இப்போது முழங்கால் அளவு வண்டல். மழை நின்று ஒரு மாதத்தில் தண்ணீர் வற்றிவிடுகிறது. பிளாஸ்டிக் ஷீட் போடலாமா?
*– காரிமங்கலம் வாசகி*

பதில்: இரண்டு வேறு பிரச்சினைகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டீர்கள். வண்டலுக்கு ஷீட் மருந்தல்ல. முதலில் அதைப் பார்ப்போம்.

குட்டைக்கு வரும் தண்ணீர் உங்கள் மேல் நிலத்திலிருந்து வருகிறது. இரண்டு ஏக்கரில் 50 மி.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 405 கனமீட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஓடி வந்தாலே 81 கனமீட்டர். பக்கங்களை ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டர் உள்வாங்கும் சரிவில் வெட்டியிருந்தால் உங்கள் குட்டையின் அடி 9 மீட்டர் சதுரம், கொள்ளளவு சுமார் 294 கனமீட்டர், அதாவது 2 லட்சத்து 94 ஆயிரம் லிட்டர். அப்படிப்பட்ட நாலு மழைக்கு நிறைந்துவிடும். நல்ல கணக்குதான். ஆனால் மேல் நிலத்தில் வரப்பு இல்லாவிட்டால் அந்த 81 கனமீட்டரும் செக்கச்செவேலென்று சேறாக வரும். முந்தைய கேள்விக்குச் சொன்ன வரப்பு வேலை குட்டைக்கு முன்னால் நடந்திருக்க வேண்டும். இப்போதாவது செய்யுங்கள்.

அடுத்தது வண்டல் குழி. குட்டை வாய்க்கு 3 மீட்டர் முன்பாக, தண்ணீர் வரும் வழியில் 3 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழத்தில் வெட்டுங்கள். குழிக்கு முன் நாலைந்து மீட்டர் தூரம் புல்லை வெட்டாமல் விடுங்கள். வேகமாக வரும் நீர் புல்லில் தயங்கி, குழியில் நின்று, கனமான மணலையும் வண்டலையும் கீழே போட்டுவிட்டுக் குட்டைக்குப் போகும். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் குழியை வாரி, அந்த மண்ணை வந்த நிலத்துக்கே கொண்டுபோய்ப் போடுங்கள். அது உங்கள் நிலத்தின் ஆகச் சிறந்த மண். குழி நிறைந்த பின் வாராமல் விட்டால் அது இருந்தும் இல்லாததுதான்.

குட்டைக்குள் தண்ணீர் இறங்கும் சரிவில் கல் பதித்திருக்கிறதா என்று பாருங்கள். வெறும் மண் சரிவில் இறங்கும் நீர் கரையையே அறுத்து உள்ளே தள்ளும். முழங்கால் வண்டலில் ஒரு பங்கு உங்கள் குட்டையின் சொந்தக் கரையாகவே இருக்கலாம். வெட்டிய மண்ணை விளிம்பிலேயே குவித்திருந்தால் அதுவும் மழைக்குச் சரிந்து உள்ளே வரும். விளிம்புக்கும் மண் கரைக்கும் நடுவே ஒரு மீட்டராவது வெறும் தரை வேண்டும்.

இனி வற்றுவது. நம் பக்கத்து வெயிலில் நாளொன்றுக்கு அரை சென்டிமீட்டர் ஆவியாவது இயல்பு. மாதத்துக்கு 15 செ.மீ. ஒரு கம்பில் சென்டிமீட்டர் கோடு போட்டுக் குட்டைக்குள் நட்டு, மழையில்லாத ஐந்து நாள் பாருங்கள். நாளுக்கு 2 செ.மீ. குறைந்தால் அதில் ஒன்றரை செ.மீ. மண்ணுக்குள் இறங்குகிறது.

குட்டைக்குக் கீழ்ப்பக்கம் உங்களுக்கோ பக்கத்து நிலத்தாருக்கோ கிணறு இருந்தால் அந்தத் தண்ணீர் வீணாகவில்லை, கிணற்றுக்குப் போகிறது. அப்போது ஷீட் போடவே வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து. கிணறே இல்லை, பூப்பிடிக்கும் நேரத்தில் பயிருக்கு இரண்டு தண்ணீர் விட்டுக் காப்பாற்றவே குட்டை என்றால் மட்டும் ஷீட் போடுங்கள். அதற்கு 500 மைக்ரான் தடிமன் வேண்டும். சரிவையும் விளிம்பைச் சுற்றிய பள்ளத்தில் புதைக்கும் ஒரு மீட்டரையும் சேர்த்தால் உங்கள் குட்டைக்கு 18.5 மீட்டர் சதுரமான ஷீட் பிடிக்கும். போடுமுன் கூரான சரளைகளைப் பொறுக்கி, மண்ணை இறுக்குங்கள். ஷீட் போட்ட குட்டையில் வழுக்கி விழுந்தால் பெரியவர்களாலும் ஏறி வர முடியாது. சுற்றிலும் வேலி போடுங்கள், கரையில் முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றைக் கட்டி உள்ளே தொங்கவிடுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: ஏரி வண்டல் அடித்தால் நிலம் வளமாகும் என்கிறார்கள். எவ்வளவு அடிக்கலாம்? அனுமதி யார் தருவார்? எல்லா ஏரி மண்ணும் நல்லதா?
*– போச்சம்பள்ளி வாசகர்*

பதில்: மாவட்ட அரசிதழில் வெளியான பட்டியலில் உங்கள் ஏரி இருந்தால், அந்த வட்டத்தின் தாசில்தாரிடம் அனுமதி பெற்றுக் கட்டணமின்றி எடுக்கலாம். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புஞ்சைக்கு 90 கனமீட்டர் வரை அனுமதி. டிராக்டர் லோடுக்கு 3 கனமீட்டர் என்று வைத்தால் முறையே 25 லோடு, 30 லோடு. 90 கனமீட்டரை ஓர் ஏக்கரில் பரப்பினால் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் கனம் வரும். சரளைச் செம்மண்ணுக்கு அது போதும்.

எல்லா ஏரி மண்ணும் நல்லதல்ல. ஊர்ச் சாக்கடையோ ஆலைக் கழிவோ சேரும் ஏரியின் மண்ணைப் பரிசோதிக்காமல் அடிக்காதீர்கள். மற்ற ஏரிகளில் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். நேரான கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தண்ணீர் நிரப்பி, ஒரு சிட்டிகை துணி சோப்புத்தூள் சேர்த்து ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்கி வையுங்கள். முதல் ஒரு நிமிடத்தில் அடியில் படிவது மணல். அதன் உயரத்தைப் பேனாவால் குறித்துவிடுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல். மறுநாள் வரை கலங்கலாக நின்று மெல்ல இறங்குவது களி. மொத்தத்தில் பாதிக்கு மேல் மணல் என்றால் டீசல் செலவுக்கு அந்த மண் ஈடாகாது. ஏரிக்குள்ளேயே கோடிப் பக்கம், நடுப்பகுதி, தண்ணீர் வரும் வாய் என்று மண் மாறும். வாய்ப் பக்கம் மணல் கூடுதலாகவும் கரையை நோக்கிப் போகப் போகக் களி கூடுதலாகவும் இருக்கும். ஆனால் கரையின் அடியை ஒட்டித் தோண்டுவது கரையையே உடைக்கும். வண்டல் முடிந்து கிராவல் தெரிந்ததும் நிறுத்தச் சொல்லுங்கள்.

சித்திரையில் அடித்துப் பரப்பி வெயிலில் காயவிடுங்கள். முதல் கோடை மழைக்குக் கட்டிகள் தானாக உதிரும், அப்போது உழவு ஓட்டிக் கலக்கலாம். மேட்டில் வரப்பில்லாத நிலத்துக்கு வண்டல் அடிப்பது, வந்த வழியே அதை ஏரிக்குத் திருப்பி அனுப்புவதுதான்.

கேள்வி: எங்கள் போர் தண்ணீரில் ஃபுளூரைடு அதிகம் என்று சொல்லிவிட்டார்கள். கொதிக்க வைத்துக் குடித்தால் சரியாகுமா? போருக்கு மழைநீர் விட்டால் குறையுமா?
*– இண்டூர் வாசகி*

பதில்: கொதிக்க வைக்காதீர்கள். கிருமிக்குத்தான் அது மருந்து. ஃபுளூரைடு ஆவியாகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட மீதியில் அது கூடும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் இருந்த தண்ணீர் பாதியாகச் சுண்டினால் 3 ஆகிவிடும். மெழுகுவத்தி வடிவ ஃபில்டரும் அதைப் பிடிக்காது. ஆர்.ஓ., ஆக்டிவேட்டட் அலுமினா ஃபில்டர் ஆகியவை பிடிக்கும்.

இந்திய தர நிர்ணயப்படி குடிநீரில் 1 மி.கி. வரை ஏற்கத்தக்கது; வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை. நம் மாவட்டங்களின் பாறையிலேயே ஃபுளூரைடு உள்ள கனிமங்கள் இருக்கின்றன. தண்ணீர் பாறையிடுக்கில் எவ்வளவு காலம் கிடக்கிறதோ அவ்வளவு கரைக்கும். இதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013 முதல் காவிரித் தண்ணீர் வருகிறது. குடிக்க மட்டுமல்ல, சோறு, குழம்பு, ராகிக் களி கிண்ட, டீ போட எல்லாவற்றுக்கும் அந்தத் தண்ணீரையே எடுங்கள். குடிக்க ஒகேனக்கல், சமைக்க போர் என்று பிரித்துக்கொள்கிற வீடுகளில் ஃபுளூரைடு சோற்று வழியாக உள்ளே போகிறது. எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருந்தால் இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். நிலைத்த பல் ஈறுக்குள் உருவாகும் காலம் அது, அப்போது படிந்த கறை பிறகு போகாது.

மழைநீரை மண்ணுக்குள் விடுவதைவிடத் தொட்டியில் பிடிப்பது உங்களுக்கு உடனே பலன் தரும். 50 சதுர மீட்டர் காங்கிரீட் கூரையில் ஆண்டுக்கு 800 மி.மீ. மழை, அதில் எண்பது சதவீதம் பிடித்தால் 32,000 லிட்டர். ஐந்து பேர் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 25 லிட்டர் என்றால், மழையில்லாத நாலு மாதத்துக்கு 3,000 லிட்டர் தொட்டி போதும். ஒவ்வொரு மழையிலும் முதல் 50 லிட்டரை வெளியே விட்டுவிடுங்கள். தூசி, பறவை எச்சம் எல்லாம் அதில் போய்விடும். தொட்டிக்குள் வெளிச்சம் புகக்கூடாது, வாயில் கொசுவலை கட்ட வேண்டும். குடிக்கும்போது இந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடிக்கலாம், அதில் தவறில்லை.

போருக்கு மழைநீர் விட்டால் ஆண்டுக்கணக்கில் ஓரளவு நீர்த்துப்போகலாம். அதை நம்பிக் குடிக்க முடியாது. வயல் தண்ணீரை நேராகப் போர் குழாய்க்குள் விடவே கூடாது. பூச்சிமருந்தும் சாணமும் அடிநீரில் கலந்துவிடும்.

பரிசோதனைக்குத் தண்ணீர் கொண்டுபோகும்போது கண்ணாடிப் பாட்டில் வேண்டாம். ஒரு லிட்டர் புதிய பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு பிடியுங்கள்.

கேள்வி: கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும்போது வரும் வாய்க்கால் தண்ணீரைக் கீரைக்கும் காய்கறிக்கும் விடலாமா?
*– ஓசூர் வாசகர்*

பதில்: நுரை பொங்கும் நாளில் வாய்க்காலை அடைத்துவிடுங்கள். தென்பெண்ணையில் பெங்களூரு பக்கத்துக் கழிவுநீர் கலக்கிறது. சோப்புப் பொருள்கள் மதகில் அடிபட்டு நுரையாகின்றன. நுரை அடங்கினாலும் கரைந்தது கரைந்ததே. பச்சையாகச் சாப்பிடும் கொத்தமல்லி, வெள்ளரி, கீரைகளுக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம். தெளிப்புநீர் முறையில் எதற்கும் விடாதீர்கள். ரோஜா, மல்பெரி, தீவனப்புல் போன்றவற்றுக்கு விடலாம். அதுவும் உப்புத்தன்மை பார்த்த பிறகு. உப்பைக் காட்டும் அளவான மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 0.7 டெசிசைமனுக்குள் இருந்தால் கவலையில்லை, 3க்கு மேல் போனால் அந்தத் தண்ணீர் மண்ணைக் கெடுக்கும்.

கழிவுநீரில் தழைச்சத்து (நைட்ரஜன்) இருப்பதையும் கணக்கில் எடுங்கள். சோதனையில் லிட்டருக்கு 20 மி.கி. நைட்ரஜன் வந்தால், ஏக்கருக்கு 5 செ.மீ. உயரம் பாய்ச்சும் ஒவ்வொரு தண்ணீரிலும் 4 கிலோ நைட்ரஜன் நிலத்தில் இறங்குகிறது. பத்துத் தண்ணீரில் 40 கிலோ. அதன்மேல் வழக்கமான யூரியாவையும் போட்டால் செடி தழைத்துப் பூச்சி ஏறும், மிச்சம் கிணற்றுக்குப் போகும்.

கேள்வி: மண்வள அட்டையில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) 48 கிலோ, ‘அதிகம்’ என்று வந்திருக்கிறது. தக்காளிக்கு டிஏபி போடாமல் விட்டால் மகசூல் குறையாதா?
*– ராயக்கோட்டை வாசகர்*

பதில்: குறையாது. ஹெக்டேருக்கு 22 கிலோவுக்கு மேல் இருந்தாலே அதிகம் என்று கணக்கு. 50 கிலோ டிஏபி மூட்டையில் 23 கிலோ மணிச்சத்து, 9 கிலோ தழைச்சத்து இருக்கிறது. டிஏபியை நிறுத்தும்போது பயிர் வாடுவதாகத் தோன்றுவதற்குக் காரணம் அந்த 9 கிலோ தழைச்சத்து போய்விடுவதுதான். மூட்டைக்கு 20 கிலோ யூரியா வீதம் பிரித்துக் கொடுத்தால் ஈடாகிவிடும். மிகுதியான மணிச்சத்து துத்தநாகத்தைச் செடி எடுக்கவிடாது. அரித்துப் போகும் மண்ணோடு ஏரிக்குச் சென்று பாசியையும் வளர்க்கும். அடுத்த முறை மாதிரி எடுக்கும்போது உரம் போட்ட பாத்தி, வரப்பு, எருக்குப்பை, மரநிழல் இவற்றைத் தவிர்த்து, ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடத்தில் அரையடி ஆழத்துக்கு ஆங்கில ‘வி’ வடிவில் வெட்டி எடுங்கள். பாப்பாரப்பட்டி, எலுமிச்சங்கிரி வேளாண் அறிவியல் நிலையங்களில் இதுபற்றி நேரில் கேட்கலாம்.

கேள்வி: கரட்டிலிருந்து எங்கள் ஊருக்கு இறங்கும் ஓடை ஆண்டுக்காண்டு ஆழமாகிறது. ஊர்க்காரர்களே கல் தடுப்பு போடலாமா? யாரிடம் கேட்க வேண்டும்?
*– அஞ்செட்டி வாசகர்*

பதில்: ஓடை வனத்துறை நிலத்தில் இருந்தால் அவர்கள் அனுமதியின்றி ஒரு கல்லும் நகர்த்தக் கூடாது. புறம்போக்கு என்றால் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் சபை கூடும். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். கோடைக்குள் வேலை முடிய அந்தக் கூட்டமே ஏற்றது. தீர்மானத்தில் ‘ஓடையைச் சீரமைக்க வேண்டும்’ என்று பொதுவாக எழுதாமல், எந்த சர்வே எண்ணிலிருந்து எதுவரை, எத்தனை தடுப்பு, எவ்வளவு உயரம் என்று எழுதுங்கள்.

தடுப்பு முக்கால் மீட்டர் உயரம் போதும். கீழ்த்தடுப்பின் தலை மேல்தடுப்பின் அடிக்குச் சமமாக வரவேண்டும். ஓடைச் சரிவு 5 சதவீதம் என்றால் 15 மீட்டருக்கு ஒன்று. அடியில் ஓர் அடி தோண்டிக் கல் பதித்து, இரண்டு கரைக்குள்ளும் அரை மீட்டர் செருகுங்கள். செருகாமல் விட்டால் தண்ணீர் கல்லைத் தொடாமல் கரையோரமாகச் சுற்றி அறுத்துக்கொண்டு போகும். நடுப்பகுதி ஓரங்களைவிட ஒரு சாண் தாழ்ந்திருக்க வேண்டும். பெரிய கல் கீழ்ப்பக்கமும் மேலேயும், சின்னக் கல் உள்ளே. தண்ணீர் விழும் இடத்தில் ஒன்றரை மீட்டருக்குக் கல் பரப்புங்கள். வேலையை உச்சியிலிருந்து தொடங்குங்கள். ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகக் கீழ்த்தடுப்பை முதலில் கட்டினால் மேலிருந்து வரும் முழு வெள்ளமும் அதன் மேல்தான் மோதும். முதல் மழை முடிந்ததும் ஒவ்வொரு தடுப்பாக நடந்து பாருங்கள்; சரிந்த கல்லை அன்றே எடுத்து வைத்தால் ஒருவர் வேலை, அடுத்த மழை வரை விட்டால் ஊரே சேர்ந்து செய்ய வேண்டியிருக்கும்.